நெத்திலி இல்லாத கிம்ச்சி

கொரிய உணவகத்துக்குப் போகிற சைவக்காரர் முதலில் கேட்பது, "இதுல கறி இருக்குதா?" என்றுதான். பரிமாறுகிறவர் "இல்லைங்க" என்பார். அதில் பொய்யும் இருக்காது. சீன முட்டைக்கோஸை உப்பும் மிளகாய்த்தூளும் பிசறிப் புளிக்கவைத்த கிம்ச்சியில் கறி கிடையாது. சோயா விழுதைக் கரைத்துக் கொதிக்கவிட்ட டென்ஜாங் குழம்பில் டோஃபுவும் காயும்தான் மிதக்கும். விரல் நீள அரிசிக் கொழுக்கட்டைகளைச் சிவப்புச் சாற்றில் புரட்டிக் கொடுக்கும் டொக்பொக்கியிலும் ஆட்டுக்கோ கோழிக்கோ வேலை இல்லை. ஆனால் மூன்றிலும் மீன் இருக்கலாம். கிம்ச்சி மசாலாவில் உப்பில் ஊறிய பொடி இறாலும் நெத்திலிச் சாறும் சேர்ப்பதே வழக்கம். குழம்புக்கு ஊற்றிய தண்ணீரே காய்ந்த நெத்திலியைக் கொதிக்கவைத்து வடித்தது. டொக்பொக்கியில் அதே தண்ணீரும், அதோடு மீனை அரைத்துத் தட்டிய பட்டைத் துண்டுகளும்.

நெத்திலி செய்கிற இந்த வேலை புதுக்கோட்டைக்காரர்களுக்குப் புதிதல்ல. கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் பக்கமிருந்து வரும் கருவாட்டில் நாலு நெத்திலியைப் போட்டால் வெறும் கத்தரிக்காய்க் குழம்புக்கு என்ன கனம் வரும் என்பது கருவாடு புழங்குகிற வீடுகளுக்குத் தெரியும். கொரியச் சமையல்காரரும் நம்மைப் போலவே தலையைக் கிள்ளி, வயிற்றுக் கறுப்பை எடுத்துவிட்டுத்தான் பாத்திரத்தில் போடுகிறார். எடுக்காவிட்டால் சாறு கசக்கும். ஆனால் பத்துப் பதினைந்து நிமிடம் கொதித்ததும் அவர் மீனை வடித்து எறிந்துவிடுவார். நம் குழம்பில் கருவாடு கண்ணில் படும், வேண்டாதவர் ஒதுக்கி வைக்கலாம். அங்கே ஒதுக்க எதுவும் மிஞ்சுவதில்லை. முழு மீனும் தண்ணீராகிவிட்டது.

தமிழ்நாட்டுக்குக் கொரியச் சாப்பாடு கார்த் தொழிற்சாலையோடு வந்தது. 1996இல் ஹூண்டாய் நிறுவனம் இங்கே பதிவாகி, ஸ்ரீபெரும்புதூரை ஒட்டிய இருங்காட்டுக்கோட்டையில் ஆலை எழுப்பியது. 1998இல் சான்ட்ரோ வெளிவந்தது. பொறியாளர்களும் அவர்கள் குடும்பங்களும் சென்னையில் குடியேற, அவர்கள் வயிற்றுக்கென்று உணவகங்கள் திறந்தன. அவை உள்ளூர் நாக்குக்காகச் சமைத்த இடங்கள் அல்ல. கொரியத் தொடர்களும் பாட்டுக் குழுக்களும் வந்து தமிழ்ப் பிள்ளைகளை அந்த மேசைகளுக்கு இழுத்தது பிற்பாடு. புதுக்கோட்டைப் பிள்ளைகளுக்கு இன்றைக்கும் கொரியா என்றால் மளிகைக்கடையில் தொங்கும் காரமான உடனடி நூடுல்ஸ் பொட்டலம்தான். உட்கார்ந்து சாப்பிட வேண்டுமானால் சென்னைக்கு ரயிலேற வேண்டும். ஏறுகிறவர் வீகனாக இருந்தால், அதாவது மீன், முட்டையோடு பால், தேன்கூட வேண்டாம் என்பவராக இருந்தால், அவருக்கு இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். மீனை எடுத்துவிட்டால் கொரியச் சமையலில் எது குறைகிறது, அந்தக் குறையை எதை வைத்து நிரப்பலாம்.

முதல் கேள்விக்கு வேதியியல் மிகத் துல்லியமாகவே பதில் வைத்திருக்கிறது. 1908இல் டோக்கியோ இம்பீரியல் பல்கலைக்கழகத்தின் கிகுனே இகேடா, கொம்பு என்ற கடற்பாசியைக் கொதிக்கவைத்த சாற்றின் ருசி எங்கிருந்து வருகிறது என்று தேடி, குளுட்டமேட் என்ற உப்பைப் பிரித்தெடுத்தார். இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, கசப்புக்குள் அடங்காத அந்த ருசிக்கு உமாமி என்று பெயர் வைத்தார். அதே பாசியைத்தான் கொரியர்கள் டாஷிமா என்கிறார்கள். 1913இல் அவருடைய மாணவர் ஷிந்தாரோ கொடாமா, காய்ந்த மீனிலிருந்து இனோசினேட் என்ற இன்னொரு பொருளைக் கண்டார். மீன் உயிரோடு இருக்கும்வரை அதன் தசை ஏடிபி என்ற மூலக்கூறை எரித்து ஓடுகிறது. செத்த பிறகு அந்த ஏடிபி படிப்படியாகச் சிதைந்து, நடுவழியில் இனோசினேட்டாகக் கொஞ்ச காலம் தங்குகிறது. அதையும் தாண்டிச் சிதைந்தால் ருசி போய்க் கசப்பு ஏறும். பிடித்த உடனே கொதிநீரில் போட்டெடுத்துக் காயவைப்பதும், உப்பில் அமுக்குவதும், சிதைவை அந்த நடுவழியிலேயே நிறுத்திவைக்கும் தந்திரம். நல்ல கருவாடு, ஊசிப்போன கருவாடு என்று மீன்காரம்மா மோந்து பார்த்துச் சொல்வதற்குப் பின்னால் இந்தக் கணக்கும் இருக்கிறது.

அடுத்த கண்டுபிடிப்புதான் நமக்கு வேண்டியது. 1957இல் அகிரா குனினாகா, குவானிலேட் என்ற மூன்றாவது பொருளுக்கும் உமாமி ருசி உண்டு என்று காட்டினார். ஷீட்டாக்கே காளானைக் காயவைத்தால் அது நிறையக் கிடைக்கும். கூடவே அவர் இன்னொன்றையும் கவனித்தார். குளுட்டமேட்டோடு இனோசினேட்டோ குவானிலேட்டோ சேர்ந்தால் ருசி கூட்டல் கணக்கில் ஏறுவதில்லை, பெருக்கல் கணக்கில் ஏறுகிறது. இரண்டும் தனித்தனியே கொடுக்கிற ருசியைப் போலப் பல மடங்கு நாக்கில் தெரிகிறது.

ஏன் என்பது இந்த நூற்றாண்டில்தான் விளங்கியது. நாக்கின் ருசிச் செல்களில் டி1ஆர்1, டி1ஆர்3 என்ற இரண்டு புரதங்கள் ஜோடியாக நின்று உமாமியை உணர்கின்றன. டி1ஆர்1 புரதத்தின் வெளிப்பகுதி பூச்சி பிடிக்கும் செடியின் இலை மாதிரி இரண்டு மடலாகப் பிளந்திருக்கிறது. குளுட்டமேட் உள்ளே போய் உட்கார்ந்தால் மடல் மூடும், மூளைக்குச் செய்தி போகும். ஆனால் அது சீக்கிரமே திறந்துகொள்ளும். இனோசினேட்டோ குவானிலேட்டோ மடலின் விளிம்பில் வந்து ஒட்டினால், மூடியது மூடியபடி அதிக நேரம் நிற்கிறது. விளிம்பில் ஒட்டுகிற வேலைக்கு மீனின் இனோசினேட் வந்தாலும் சரி, காளானின் குவானிலேட் வந்தாலும் சரி, அந்தப் புரதத்துக்கு ஒன்றுதான். மீனில்லாத கொரியச் சமையலுக்கான கதவு இங்கே திறக்கிறது.

கதவு திறந்தாலும் வேலை இருக்கிறது. காளான் என்றதும் சந்தையில் பாக்கெட்டில் வரும் மொட்டுக் காளானை நறுக்கிப் போட்டுவிட்டு, "வீகன் சூப்" என்று எழுதிவிடுகிற கடைகள் உண்டு. அது சப்பென்றுதான் இருக்கும். குவானிலேட் பச்சைக் காளானில் தயாராக இருப்பதில்லை. காயும்போது செல்கள் உடைய வேண்டும், பிறகு சூடேறும்போது காளானுக்குள்ளிருக்கும் ஒரு நொதி அதன் ஆர்.என்.ஏ.வை வெட்ட வேண்டும். இந்த நொதி ஏறக்குறைய 60 முதல் 70 பாகை வரை நன்றாக வேலை செய்யும். அதற்குக் கீழே, 50 பாகையை ஒட்டிய சூட்டில், உண்டான குவானிலேட்டையே அழிக்கிற வேறொரு நொதி விழித்திருக்கும். அதனால் காய்ந்த ஷீட்டாக்கேயைக் கொதிநீரில் அவசரமாக ஊறவைப்பதும் தப்பு, வெதுவெதுப்பான நீரில் மணிக்கணக்கில் விட்டுவிடுவதும் தப்பு. இரவு குளிர்ந்த நீரில் ஊறப்போட்டு, காலையில் அந்த நீரோடே அடுப்பில் ஏற்றி, 60க்கு மேல் கொண்டுபோய்ச் சற்று நேரம் நிறுத்திப் பிறகு கொதிக்கவிட வேண்டும். அதே பாத்திரத்தில் குளுட்டமேட்டுக்காகப் போடும் டாஷிமாவுக்கு நேர்மாறான குணம்: கொதி வந்ததும் எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் வழவழப்பு இறங்கிச் சாறு கொழகொழத்துப்போகும். ஒரு நல்ல வீகன் கொரிய உணவகத்தையும் சுமாரானதையும் பிரிப்பது பெரும்பாலும் இந்த ஒரு பாத்திரம்தான் என்பேன்.

டாஷிமா நம் பாக் விரிகுடாவில் வளராது. அது குளிர்ந்த கடலின் பாசி. இங்கே மணமேல்குடியிலிருந்து ராமநாதபுரம் வரை கரையோர மக்கள் அறிந்த கஞ்சிப் பாசியில் கிடைப்பது அகார், கட்டிப்படுத்துகிற பொருள். ருசிக்கு அது உதவாது. தக்காளியில் குளுட்டமேட் உண்டு, ஆனால் 100 கிராமுக்கு மில்லிகிராம் கணக்கில். உலர்ந்த டாஷிமாவில் அது கிராம் கணக்கில் இருக்கிறது. ஆகவே பாசியை வாங்கித்தான் தீர வேண்டும். வாங்குகிறவர் கொஞ்சமாகவே போடட்டும். ஒரே கிராம் உலர்ந்த பாசியில் ஒரு மில்லிகிராமுக்கு மேல் அயோடின் இருக்கலாம். பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு வேண்டியது 150 மைக்ரோகிராம்தான். தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இந்தச் சாற்றை மோர் மாதிரித் தினமும் குடிக்கக் கூடாது.

இவ்வளவு ஆய்வகக் கதையும் வருவதற்கு எத்தனையோ நூற்றாண்டுக்கு முன்பே கொரியாவின் பௌத்த மடங்கள் பாசியையும் காளானையும் ஒரே பானையில் போட்டுவிட்டன. பௌத்தம் அங்கே போய்ச் சேர்ந்தது கி.பி. 372இல். துறவிகள் மீனும் கறியும் விலக்க, மடத்து அடுக்களை தனிச் சமையலாகவே வளர்ந்தது. வீகன் கொரியச் சாப்பாட்டை அதன் சொந்த வீட்டில் சாப்பிட வேண்டுமென்றால் போக வேண்டிய இடமும் அந்தச் சமையல்தான். சியோலின் இன்சாதொங் பகுதியில் சான்சோன் என்ற உணவகத்தை 1980இல் ஒரு முன்னாள் துறவி தொடங்கினார். அந்த நாட்டின் பெரிய பௌத்த அமைப்பான ஜோக்யே சங்கம் தன் தலைமைக் கோயிலுக்கு எதிரில் பல்வு கொங்யாங் என்ற உணவகத்தை நடத்துகிறது. 2017ஆம் ஆண்டுக்கான முதல் சியோல் மிஷலின் கையேட்டில் அதற்கு ஒரு நட்சத்திரம் கிடைத்தது. அதே 2017இல் நெட்ஃபிளிக்ஸின் 'செஃப்ஸ் டேபிள்' தொடர், பேக்யாங்சா கோயிலின் சிறு ஆசிரமத்தில் சமைக்கும் ஜொங் குவான் என்ற பிக்குணியை உலகத்துக்குக் காட்டியது. உணவகம் எதுவும் நடத்தாத அவருடைய சமையலைத் தேடிப் பெரிய பெரிய சமையல் கலைஞர்கள் மலையேறிப் போகிறார்கள்.

பல்வு கொங்யாங் என்பது துறவிகள் சாப்பிடும் முறைக்கே பெயர். ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் நான்கு மரக்கிண்ணங்கள்: சோறு, சாறு, காய், தண்ணீர். சாப்பிட்டு முடித்ததும், முன்பே ஒதுக்கிவைத்த ஒரு துண்டு முள்ளங்கி ஊறுகாயையோ கிம்ச்சியையோ கொண்டு கிண்ணத்தைச் சுற்றித் துடைத்து, தண்ணீர் ஊற்றிக் கலக்கி, அந்தத் தண்ணீரையும் குடித்து, துண்டையும் தின்றுவிடுவார்கள். கழுவுநீரில் ஒரு மிளகாய்த்தூள் துணுக்குகூட மிதக்கக் கூடாது. உணவகத்துக்குப் பணம் கொடுத்துப் போகிறவரை இப்படிச் செய்யச் சொல்வதில்லை. ஆனாலும் ஒரு பருக்கை மிஞ்சாத அந்தச் சிக்கனம் பரிமாறும் அளவிலேயே தெரிந்துவிடும். நம் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து பழகிய வயிற்றுக்கு முதல் அரை மணி நேரம் இது ஏமாற்றமாகவும் இருக்கும்.

மடத்துச் சமையல் மீனோடு நிற்கவில்லை. பூண்டு, வெங்காயத்தாள், இரண்டு வகைப் பூண்டுக்கீரை என்று நான்கையும் விலக்குகிறது. பச்சையாகத் தின்றால் கோபமும் வேகவைத்துத் தின்றால் காமமும் கிளரும் என்பது அவர்கள் சொல்லும் காரணம். ஐந்தாவதாகப் பெருங்காயம். கொரியாவில் அது விளைவதும் இல்லை, யாரும் போடுவதும் இல்லை. இந்தியாவில் தோன்றிய விலக்கு சீனத்துப் பௌத்த நூல்கள் வழியே நடந்துபோனபோது பொருள் வராமல் பெயர் மட்டும் போய்ச் சேர்ந்திருக்கிறது. நம் பக்கத்தில் கதை தலைகீழ். வெங்காயம் பூண்டு சேர்க்காத வீடுகள்தான் பெருங்காய டப்பாவைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருக்கின்றன. வேதியியல் பௌத்தர் பக்கம் நிற்கிறது. பூண்டை நசுக்கும்போது செல்லுக்குள் தனித்தனியாக இருந்த அல்லீனும் அல்லினேஸ் நொதியும் கலந்து அல்லிசின் உண்டாகிறது. அது கந்தகச் சேர்மம். பெருங்காயப் பிசினின் நாற்றத்துக்கும் கந்தகச் சேர்மங்களே காரணம். எண்ணெயில் பொரிந்ததும் நெடி அடங்கி, வெங்காயம் வதக்கிய வாசனைக்குக் கிட்டத்தில் வந்து நிற்பதும் அதனால்தான். பூண்டை விலக்குகிறவர் காரணம் பிசகாமல் விலக்கினால் பெருங்காயத்தையும் விலக்கத்தான் வேண்டும். நம் பாட்டிமார் அவ்வளவு கறாராக இருக்கவில்லை. நல்லவேளை, ரசம் பிழைத்தது.

விலக்குப் பட்டியல்கள் புதுக்கோட்டைக்கும் பழக்கமானவைதான். நகரிலிருந்து பதினைந்து பதினாறு கிலோமீட்டரில் சித்தன்னவாசல். அங்கே ஏழடிப்பட்டம் என்ற குகையில் சமணத் துறவிகளின் 17 கல் படுக்கைகள், தமிழ்ப் பிராமி எழுத்து. இன்றைய சமண நெறியைக் கறாராகப் பிடிக்கிறவர் மேசைக்குக் கொரிய மடத்துக் கிம்ச்சியைக் கொண்டுபோனால் அவர் தொடமாட்டார். இஞ்சியும் முள்ளங்கியும் மண்ணுக்கடியில் விளைவதால் ஆகாது. இரவு கடந்து புளித்ததோ, கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் பெருகியது என்பதால் ஆகாது. ஆனால் பால் ஆகும். வீகனுக்கு நுண்ணுயிர் கணக்கில் வராது, பால் ஆகாது. பிக்குணிக்கு நுண்ணுயிர் தோழன், பூண்டு ஆகாது. மூவரும் அகிம்சையில்தான் தொடங்குகிறார்கள். உயிர் என்று எதுவரை எண்ணுவது என்பதில் பிரிந்துவிடுகிறார்கள். மூவரில் சமணரே நுண்ணுயிரியலுக்கு அருகில் இருக்கிறார் என்று எனக்குப் படுகிறது. கிம்ச்சி உண்மையிலேயே உயிர்கள் நிறைந்த பண்டம்.

அந்த உயிர்களின் கதைக்கு வருவோம். மீனை எடுத்துவிட்டால் கிம்ச்சி சரியாகப் புளிக்குமா என்ற சந்தேகம் நியாயமானது. மீன் சாற்றோடும் சில நுண்ணுயிர்கள் வருகின்றன. 2018இல் அமெரிக்காவின் பிரௌன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மீன் சாறு சேர்த்த கிம்ச்சியையும், அதற்குப் பதில் மீசோ என்ற சோயா விழுது சேர்த்த வீகன் கிம்ச்சியையும் அருகருகே வைத்து, நுண்ணுயிர்களின் மரபணுவைப் படித்தார்கள். தொடக்கத்தில் மீன் சாற்றில் இருந்த வகையும் மீசோவில் இருந்த வகையும் வேறு வேறு. புளித்து முடிந்தபோது இரண்டுமே காணாமல் போயிருந்தன. இரண்டு ஜாடியிலும் ஆட்சி செய்தவை லூகோனோஸ்டாக், லாக்டோபேசில்லஸ் குடும்பத்து பாக்டீரியங்கள். நெத்திலி ருசிக்குத்தான் வேலை செய்கிறது, புளிப்பில் அதற்குப் பங்கில்லை. புளிக்கவைக்கிறவை பெரும்பாலும் காய்களோடே வந்துவிடுகின்றன.

லூகோனோஸ்டாக் மெசென்டிராய்டஸ் என்ற பெயர் வாயில் நுழையாதுதான். ஆனால் அது புதுக்கோட்டையில் வீட்டுக்கு வீடு குடியிருக்கிறது. இட்லி மாவு பொங்குவதற்கு முக்கியக் காரணம் இந்த பாக்டீரியம்தான் என்று 1965இல் நியூயார்க் மாநிலத்து ஆய்வாளர் குழு ஒன்று நிறுவியது. அந்தக் குழுவில் இருந்த கார்ல் பெடர்சன் அதற்கு முன்பு பல ஆண்டுகள் ஜெர்மானியரின் புளித்த முட்டைக்கோஸை ஆராய்ந்தவர். கோஸில் பார்த்த உயிரையே உளுந்திலும் பார்த்தார்கள். கொரியாவுக்கும் தமிழகத்துக்கும் உறவு தேட அயோத்தி இளவரசி கொரிய அரசனை மணந்தாள் என்ற கதையையும் ஒலி ஒத்த சொற்களையும் கொண்டுவருகிறவர்கள் இருக்கிறார்கள். இந்த பாக்டீரிய உறவுக்குச் சாட்சி அதைவிடப் பலமானது.

இரண்டு இடத்திலும் அது செய்வது ஒரே வேலை. சர்க்கரையைத் தின்று லாக்டிக் அமிலத்தோடு கரியமில வாயுவையும் விடுகிறது. மாவில் அந்த வாயு குழைந்த உளுந்தில் சிக்கி இட்லியைப் பஞ்சாக்குகிறது. கிம்ச்சியில் சாற்றுக்குள் கரைந்து, கடிக்கும்போது நாக்கில் சோடா மாதிரிச் சுருக்கென்கிறது. பழச்சர்க்கரையை மானிட்டால் என்ற குளிர்ச்சியான இனிப்பாகவும் மாற்றுகிறது. ஆனால் தான் உண்டாக்கிய அமிலத்தையே அதனால் அதிகம் தாங்க முடியாது. புளிப்பு ஏறியதும் ஒதுங்கிக்கொள்ளும். அமிலத்துக்கு அஞ்சாத லாக்டோபேசில்லஸ் வகையறா கையில் எடுத்துக்கொள்ளும். அவற்றில் பல வாயு விடுவதில்லை, புளிப்பை மட்டும் கூட்டும். முதல் நாள் இட்லி, இரண்டாம் நாள் தோசை, மூன்றாம் நாள் வெங்காயம் போட்டு ஊத்தப்பமோ பணியாரமோ என்று நம் வீடுகளில் ஓடும் நிரல் இந்த ஆட்சி மாற்றத்தை ஒட்டியது. கொரியர்களும் அப்படித்தான். பிசறியவுடன் பச்சடியாக ஒரு கிம்ச்சி, பதமானது சோற்றோடு, முற்றிப் புளித்தது குழம்புக்கும் வதக்கலுக்கும். குழம்புக்கு இளங்கிம்ச்சியைப் போட்டால் ருசிக்காது.

வேறுபாடு வெயிலில் இருக்கிறது. கிம்ச்சியின் நல்ல பதம் ஏறக்குறைய 4.2 முதல் 4.5 வரையிலான பிஎச். 5 பாகைக் குளிரில் அங்கே போய்ச்சேர இரண்டு மூன்று வாரம் ஆகலாம், 20 பாகைக்கு மேல் இரண்டு மூன்று நாள் போதும். குளிரில் லூகோனோஸ்டாக்குக்கு அவகாசம் நிறையக் கிடைக்கிறது. மற்றவை சோம்பிக் கிடக்கும்போதும் அது வேலை செய்யும். கொரியர்கள் குளிர்காலத் தொடக்கத்தில் ஊரே கூடிக் கிம்ச்சி போட்டு, பானையை மண்ணில் புதைத்தது அதற்காக. கிம்ஜாங் என்ற அந்த வழக்கத்தை யுனெஸ்கோ 2013இல் மரபுப் பட்டியலில் சேர்த்தது. அடுக்குமாடிக்குக் குடிபோனவர்களுக்குப் புதைக்க மண் இல்லாததால், 1984இல் கிம்ச்சிக்கென்றே தனிக் குளிர்பெட்டி விற்பனைக்கு வந்தது. 1995க்குப் பிறகு அது வீட்டுக்கு வீடு புகுந்தது. அக்னி நட்சத்திரத்துப் புதுக்கோட்டையில், வெளியே வைத்த ஜாடியில் லூகோனோஸ்டாக்குக்கு ஒரு பகல் ஆட்சிகூட நிலைக்காது. அடுத்த நாள் மூடியைத் திறந்தால் சுருக்கும் இருக்காது, இனிப்பும் இருக்காது. வெறும் புளிப்பு, தளர்ந்த கோஸ்.

சோயா விழுதுக்கு இந்தத் தொல்லை குறைவு. அவித்து இடித்த சோயாவைச் செங்கல் போலப் பிடித்து, வைக்கோலில் கட்டித் தொங்கவிடுவார்கள். வைக்கோலிலிருந்து பேசில்லஸ் பாக்டீரியமும் காற்றிலிருந்து பூசணமும் ஏறிப் புரதத்தை அறுக்கும். பிறகு மாதக்கணக்கில் உப்புநீரில் ஊற, நீர் கான்ஜாங் என்ற சோயாச் சாறாகவும் கட்டி டென்ஜாங் விழுதாகவும் பிரியும். புரதம் அறுபட்டு வெளிவருகிறவற்றில் குளுட்டமேட் நிறைய. இது பிறவியிலேயே வீகன். 2024 டிசம்பரில் இதுவும் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. நெடுநாள் கெடாத பண்டம் என்பதால் வாங்கி வைத்துக்கொள்ளலாம்.

பால் விஷயத்தில் கொரிய மேசை நம் சைவச் சாப்பாட்டைவிட வீகனுக்கு எளிது. நம் இலையில் பருப்புக்கு நெய், கடைசிக்குத் தயிர், நடுவில் பாயசம். கொரிய மரபுச் சமையலில் பாலுக்கு ஏறக்குறைய இடமே இல்லை. பெரும்பாலான கொரியப் பெரியவர்களின் குடலில் பால் சர்க்கரையை அறுக்கும் லாக்டேஸ் நொதி குழந்தைப் பருவத்தோடு குறைந்துவிடுகிறது. மிஞ்சிப்போனால் யாக்வா போன்ற பலகாரத்தில் தேன் இருக்கும், சோற்றின்மேல் முட்டை இருக்கும், இரண்டையும் கண்ணால் பார்த்துவிடலாம். பொட்டல நூடுல்ஸ் வாங்கும்போது இங்கே விற்கும் உறையில் பச்சைப் புள்ளி இருந்தால் மீன் கவலை தீர்ந்தது. ஆனால் அந்தப் புள்ளி பாலையும் தேனையும் அனுமதிக்கும். இரண்டும் இல்லாததற்கு 2022ஆம் ஆண்டு விதிகளின்படி தனி வீகன் முத்திரை இருக்கிறது, அதைத் தேட வேண்டும். கிம் என்ற கறுப்புப் பாசித் தாளில் பி12 வைட்டமின் உண்டுதான். அதை நம்பி மாத்திரையை நிறுத்துவது புத்திசாலித்தனம் இல்லை.

புதுக்கோட்டையில் ஒருவர் துணிந்து இப்படி ஒரு மேசை போட்டால் என்னென்ன கைக்குக் கிடைக்கும்? கறிக்கு மாற்றாகச் சட்டென்று நினைவுக்கு வருவது ஆலங்குடி, வடகாடு பக்கத்துப் பலா. பிஞ்சுப் பலாவை வேகவைத்து நார் நாராகப் பிய்த்து, கான்ஜாங்கும் இஞ்சியும் புரட்டிச் சுட்டால் பார்வைக்கும் கடிக்கும் புல்கோகி என்ற சுட்ட கறி போலவே இருக்கும். ஆனால் அதில் புரதம் சொற்பம். கறியின் இழையைத்தான் பலா கொடுக்கும், ஊட்டத்துக்கு டோஃபு பக்கத்தில் இருக்க வேண்டும். எண்ணெயும் ஊரிலேயே இருக்கிறது, ஒரு திருத்தத்தோடு. நம் செக்கில் எள்ளை வறுக்காமல் கருப்பட்டி சேர்த்து ஆட்டுகிறோம். கொரியர் எள்ளைப் பொன்னிறம் தாண்ட வறுத்துப் பிழிகிறார். வறுபடும்போது புரதமும் சர்க்கரையும் வினைபுரிந்து பைரசீன் என்ற வாசனைச் சேர்மங்கள் பிறக்கின்றன. வேர்க்கடலை வறுக்கும் தள்ளுவண்டியைச் சுற்றி வருவதும் இவைதான். பிபிம்பாப் என்ற கலவைச் சோற்றில் நல்லெண்ணெயை அப்படியே ஊற்றினால் அது பொடி சாதமாகிவிடும். எள்ளை வறுத்துக் கொடுத்து ஆட்டச் சொல்ல வேண்டும்.

கிம்ச்சிக்கு, கொரியாவின் குளிர்காலத்தைக் குளிர்பெட்டி வைத்து நகல் எடுப்பதைவிட அவர்களுடைய கோடைகாலத்தைப் பின்பற்றுவது மேல். ஜூலை, ஆகஸ்டில் அவர்களும் கோஸைத் தொடுவது குறைவு. இளமுள்ளங்கியைத் தழையோடு சேர்த்து யொல்மு கிம்ச்சி போடுவார்கள். நம் சந்தையில் முள்ளங்கியை வாங்குகிறவர் கிள்ளி எறிந்துவிட்டுப் போகிற அதே தழைதான். கல்லுப்பில் ஒரு மணி நேரம் புரட்டி அலசி, நீர்த்த அரிசிக் கஞ்சியை ஆறவைத்து, அதில் சிவப்பு மிளகாயும் இஞ்சியும் அரைத்துக் கலந்து ஊற்றுவார்கள். பாக்டீரியத்துக்குச் சர்க்கரை கஞ்சியிலிருந்து கிடைக்கும். பூண்டும் மீன் சாறும் போடுவது வழக்கம் என்றாலும், மடத்துப் பக்குவத்தில் அவை இல்லாமல் காளான் சாறும் கொஞ்சம் கான்ஜாங்கும் போதும். புதுக்கோட்டை வெயிலில் சாயங்காலம் பிசறி வெளியே வைத்தால் காலையில் நுரை கட்டியிருக்கும். உடனே குளிர்பெட்டிக்கு மாற்றி, மூன்று நான்கு நாளுக்குள் தீர்த்துவிட வேண்டும். கோதுமை நூடுல்ஸில் குளிரக் குளிர ஊற்றிச் சாப்பிடுவது அவர்கள் வழக்கம். பழைய சோற்றிலும் சேரும்.